தாய்–சேய் நல ஆய்வுக்குப் புதிதாக வந்திருக்கிறீர்களா? களத்தில் இறங்குமுன் படிக்க வேண்டிய வழிகாட்டி

கர்ப்பிணிகளையும் கைக்குழந்தைகளையும் பின்தொடரும் மருத்துவ ஆய்வில் களப்பணியாளராகவோ, ஆய்வுச் செவிலியராகவோ, ஒருங்கிணைப்பாளராகவோ புதிதாகச் சேர்பவர்களுக்காக இதை எழுதுகிறோம். தமிழ்நாட்டுக் களத்தை மனத்தில் வைத்தே எழுதியிருக்கிறோம். ஆய்வின் கேள்வியைப் பெரிய மருத்துவர்கள் வகுக்கிறார்கள். அதற்குக் கிடைக்கும் விடை நம்பத்தக்கதா என்பதை முடிவு செய்வது மாதவிலக்குத் தேதியைக் கேட்டு எழுதுபவரும், காலையில் தராசைச் சரிபார்ப்பவரும், தாயின் பக்கத்தில் உட்கார்ந்து நிதானமாக விளக்குபவரும்தான். அந்த இடத்துக்கு இப்போது நீங்கள் வந்திருக்கிறீர்கள்.

கர்ப்பிணிகளை வைத்து எதற்கு ஆராய்ச்சி என்று உங்கள் வீட்டிலேயே கேட்பார்கள். 1950களின் பிற்பகுதியில் தாலிடோமைடு மாத்திரை கர்ப்பகால மசக்கைக்கும் கொடுக்கப்பட்டது. ஆயிரக்கணக்கான குழந்தைகள் கை கால் வளராமல் பிறந்த பிறகு, 1961 நவம்பரில் மேற்கு ஜெர்மனியில் அது திரும்பப் பெறப்பட்டது. முறையான சோதனை இல்லாமல் மருந்து கொடுத்ததால் நேர்ந்த கொடுமை அது. அதற்குப் பிறகு பல நாடுகளில் கர்ப்பிணிகளை மருந்துச் சோதனைகளிலிருந்து அடியோடு ஒதுக்கி வைத்தார்கள். விளைவாக, பல மருந்துகளை, அவை கர்ப்பிணிக்கு எப்படி வேலை செய்யும் என்பது தெரியாமலே கொடுக்க வேண்டிய நிலை வந்தது. ஒழுங்காக நடத்திய ஆய்வு என்ன செய்யும் என்பதற்கு 2002இல் வெளிவந்த மேக்பை ஆய்வு ஒரு சான்று. 33 நாடுகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் பங்கேற்றார்கள். மெக்னீசியம் சல்ஃபேட் ஊசி, ரத்த அழுத்தம் கூடிய கர்ப்பிணிகளுக்கு வலிப்பு வரும் ஆபத்தைப் பாதிக்கும் கீழே குறைக்கிறது என்பது அதில்தான் உறுதியாயிற்று. இன்று நம் அரசு மருத்துவமனைப் பிரசவ அறைகளில் அந்த ஊசி தயாராக இருக்கிறது.

வேலூரிலும் ஒரு சான்று உண்டு. 2002 முதல் அந்த நகரத்தின் குடிசைப் பகுதிகளில் 373 குழந்தைகளைப் பிறப்பிலிருந்து மூன்று வயதுவரை பின்தொடர்ந்தார்கள். களப்பணியாளர்கள் வாரம் இருமுறை வீட்டுக்குப் போனார்கள். ரோட்டா வைரஸ் ஒருமுறை வந்து போனால் கிடைக்கும் எதிர்ப்புச் சக்தி, மெக்சிகோ குழந்தைகளிடம் கண்டதைவிட இங்கே குறைவு என்பதை அந்தத் தகவல்கள் காட்டின. இந்தியாவில் உருவான ரோட்டா வைரஸ் தடுப்பு மருந்தின் சோதனை நடந்த மூன்று ஊர்களில் வேலூரும் ஒன்று. மற்றவை டெல்லியும் புனேயும். வாரம் இருமுறை கதவைத் தட்டியவர்கள் அதைச் சரியாகச் செய்திருக்காவிட்டால் அந்த ஆய்வே இல்லை.

முதல் வாரம்: காகிதங்கள்

எந்தத் தாயிடமும் பேசுவதற்கு முன்பு ஆய்வின் கோப்பைக் கேட்டு வாங்கி, ஐந்து விஷயங்களை உங்கள் கண்ணால் பாருங்கள். நெறிமுறைக் குழுவின் அனுமதிக் கடிதம், அதன் தேதி, அது எத்தனை நாள் செல்லும். இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேடான சி.டி.ஆர்.ஐ.யில் ஆய்வு பதிவான எண். நடைமுறையில் இருக்கும் புரோட்டோகாலின் (ஆய்வை எப்படி நடத்த வேண்டும் என்று வகுத்த திட்ட ஆவணத்தின்) பதிப்பு எண். அனுமதி பெற்ற தமிழ்த் தகவல் தாள், ஒப்புதல் படிவம் இரண்டின் பதிப்பு எண். கடைசியாக, யார் எந்த வேலையைச் செய்யலாம் என்று முதன்மை ஆய்வாளர் கையெழுத்திட்ட பொறுப்புப் பட்டியலில் உங்கள் பெயர்.

2018 ஏப்ரல் 1 முதல் சி.டி.ஆர்.ஐ. முன்கூட்டிய பதிவுகளை மட்டுமே ஏற்கிறது. முதல் பங்கேற்பாளரைச் சேர்ப்பதற்கு முன்பே பதிவு முடிந்திருக்க வேண்டும். பட்டியலில் உங்கள் பெயர் ஏறாமல் ஒரு குழந்தைக்கு ரத்தம் எடுத்தால், எவ்வளவு திறமையாக எடுத்தாலும் அது விதிமீறல். தணிக்கையில் அடிக்கடி பிடிபடும் பிழை இதைவிடச் சாதாரணமானது. படிவம் திருத்தப்பட்டுப் புதிய பதிப்பு வந்த பிறகும் அலமாரியில் மிச்சமிருந்த பழைய கட்டிலிருந்தே எடுத்துக் கையெழுத்து வாங்கியிருப்பார்கள். புதிய பதிப்பு வந்த அன்றே பழையதில் ஒரு பிரதியைக் கோப்புக்கு எடுத்து வைத்துவிட்டு, மீதியைக் குறுக்கே கோடிட்டு அகற்றிவிடுங்கள்.

படிக்க வேண்டிய சட்டங்கள் அதிகமில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2017 நெறிமுறைகளைப் படியுங்கள். குழந்தைகளுக்கென அதே ஆண்டு தனியாக ஒன்று வந்திருக்கிறது. மருந்து அல்லது தடுப்பூசிச் சோதனையாக இருந்தால் 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவச் சோதனை விதிகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நல்ல மருத்துவ ஆய்வு நடைமுறைப் பயிற்சிச் சான்றிதழ் இல்லாமல் களத்துக்கு அனுப்பினால் போகாதீர்கள்.

ஒப்புதல்: அரை நாளைக்கூட இதற்குக் கொடுக்கலாம்

இதை அவசரப்படுத்துகிறவர்கள் பின்னால் மாதக்கணக்கில் அனுபவிப்பார்கள். புரியாமல் கையெழுத்துப் போட்ட தாய் இரண்டாவது சந்திப்புக்கு வரமாட்டார்.

கர்ப்பகாலப் பரிசோதனை நாளில், காலையிலிருந்து வெறும் வயிற்றோடு வரிசையில் நிற்கும் பெண்ணிடம் படிவத்தை நீட்டக் கூடாது. அவர் டாக்டரைப் பார்த்து, சாப்பிட்டு முடித்த பிறகு, விசிறி இருக்கும் ஓர் இடத்தில் உட்கார வைத்துப் பேசுங்கள். தகவல் தாளை வீட்டுக்குக் கொடுத்தனுப்பி, அடுத்த வருகையில் கையெழுத்து வாங்குவதுதான் எங்கள் கணிப்பில் சிறந்த வழி. பிரசவ வலி எடுத்த பிறகு கேட்கும் ஒப்புதலுக்குப் பெறுமதி இல்லை. பிரசவ நேரத்தில் சேர்க்க வேண்டிய ஆய்வு என்றால், 32ஆம் வாரத்திலிருந்தே ஏ.என்.சி. (கர்ப்பகாலப் பரிசோதனை) கிளினிக்கில் விளக்கி வைத்துவிடுங்கள்.

யார் கேட்கிறார்கள் என்பது இன்னும் முக்கியம். கிராம சுகாதாரச் செவிலியர் உங்களை அறிமுகப்படுத்தலாம். ஆனால் "நர்சம்மா சொல்லிட்டாங்க, போடலைன்னா பணம் நின்னுரும்" என்ற எண்ணம் அந்தப் பெண்ணுக்கு வந்துவிடக் கூடாது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் தொகைக்கும், தடுப்பூசிக்கும், பிக்மி எனும் அரசின் கர்ப்பப் பதிவுக்கும், இந்த ஆய்வுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள். அவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். போக்குவரத்துச் செலவும் ஒரு நாள் கூலியும் நெறிமுறைக் குழு அனுமதித்த அளவுக்குக் கொடுக்கலாம். அதற்கு மேல் கொடுப்பது ஆசை காட்டுவதாகிவிடும்.

மாமியாரும் கணவரும் உடன் இருப்பது நம் ஊரில் இயல்பு. அவர்களையும் உட்கார வைத்துச் சொல்லுங்கள். வீட்டில் முடிவு அவர்களோடு பேசித்தான் எடுக்கப்படும். கையெழுத்து மட்டும் அந்தப் பெண்ணுடையது. குடும்பம் சம்மதித்து அவர் தலை குனிந்து மௌனமாக இருந்தால், பி.பி. பார்க்கும் சாக்கில் இரண்டு நிமிடம் தனியாகக் கேட்டுவிடுங்கள்: "உங்களுக்கு இஷ்டமாம்மா? வேண்டாம்னா நானே டாக்டர் சேர்க்கலைன்னு சொல்லிடறேன்." எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு ஆய்வுக்குத் தொடர்பில்லாத, படிக்கத் தெரிந்த சாட்சி ஒருவர் முழு விளக்கத்தின்போதும் உடனிருக்க வேண்டும். கைநாட்டு வைத்த பிறகு சாட்சியைத் தேடி ஓடினால் அந்த ஒப்புதல் செல்லாது.

புரிந்ததா என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். இப்படிக் கேளுங்கள்: "வீட்டுக்குப் போனதும் உங்க அம்மா என்னன்னு கேட்டா எப்படிச் சொல்வீங்க?" மூன்று விஷயங்கள் அவர் வாயிலிருந்தே வர வேண்டும். இது ஆராய்ச்சி. எப்போது வேண்டுமானாலும் விலகலாம், விலகினாலும் வைத்தியம் நிற்காது. என்ன எடுப்பார்கள், எத்தனை முறை எடுப்பார்கள். மருந்துச் சோதனையாக இருந்தால் நான்காவதாக ஒன்று உண்டு: எந்த மருந்து என்பதை டாக்டர் தேர்ந்தெடுக்கவில்லை, சீட்டுக் குலுக்கல் மாதிரி வருகிறது. இந்த நான்காவதுதான் பெரும்பாலோருக்குப் புரியாமல் போகிறது. "எனக்கு எது நல்லதுன்னு டாக்டருக்குத் தெரியும்" என்று அவர் சொன்னால் மறுபடி முதலிலிருந்து தொடங்குங்கள்.

ரத்தம் என்றதும் முகம் மாறும். 2 மி.லி. என்று சொன்னால் யாருக்கும் எதுவும் விளங்காது. டீஸ்பூன் ஒன்றைக் கையில் காட்டி, இதில் பாதிக்கும் குறைவு என்று சொல்லுங்கள். தொப்புள்கொடி ரத்தமோ நஞ்சுக்கொடியோ எடுப்பதாக இருந்தால் அதைத் தனியாக, தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். நஞ்சுக்கொடியை வீட்டுக்கு எடுத்துப் போய்ப் புதைக்கும் குடும்பங்கள் இருக்கின்றன.

குழந்தைகளைப் பொறுத்தவரை, ஆபத்து மிகக் குறைவாகவோ குழந்தைக்கு நேரடிப் பயன் உள்ளதாகவோ இருந்தால் பெற்றோரில் ஒருவரின் ஒப்புதல் பொதுவாகப் போதும். ஆபத்து அதற்கு மேல் இருந்தால் இருவர் கையெழுத்தும் தேவைப்படலாம்; உங்கள் நெறிமுறைக் குழு எதைக் கேட்டிருக்கிறது என்று பாருங்கள். 7 முதல் 12 வயதுவரை குழந்தையிடம் வாய்மொழிச் சம்மதமும், 12 முதல் 18 வரை எழுத்துப்பூர்வச் சம்மதமும் பெற்றோரின் ஒப்புதலுக்கு மேலதிகமாக வேண்டும். புதிய மூலக்கூறு மருந்துகளின் சோதனையில் குழந்தைகள் போன்ற எளிதில் பாதிக்கப்படக்கூடியவர்கள் பங்கேற்றால், ஒப்புதல் நிகழ்வை ஒலி–ஒளிப்பதிவு செய்து பாதுகாக்க வேண்டும். கர்ப்பிணியே 18 வயது நிரம்பாதவர் என்று தெரிந்தால், நீங்களாக எந்த முடிவும் எடுக்காமல் உடனே முதன்மை ஆய்வாளரிடம் சொல்லுங்கள். போக்சோ சட்டத்தின் கடமைகள் அங்கே வந்துவிடும்.

மறுத்தவர்களின் எண்ணிக்கையையும், அவர்களாகச் சொன்னால் காரணத்தையும் பதிவேட்டில் எழுதுங்கள். வற்புறுத்திக் காரணம் கேட்க வேண்டாம்.

கர்ப்பத்தின் வயது: இது தவறினால் எல்லாம் தவறும்

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும் இருமுறை படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள். குறைமாதமா, எடை குறைவா, வளர்ச்சி தடைபட்டதா, மருந்து சரியான வாரத்தில் கொடுக்கப்பட்டதா என்ற கேள்விகள் எல்லாம் ஒரே தேதியில் தொங்குகின்றன.

குறைமாதப் பிரசவத்துக்கு முன் தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போட்டால் குழந்தையின் நுரையீரல் பக்குவப்படும் என்பது நியூசிலாந்தின் ஆக்லாந்தில் லிகின்ஸ், ஹௌவி இருவரும் நடத்தி 1972இல் வெளியிட்ட ஆய்விலிருந்தே தெரியும். அதே மருந்தை இந்தியா உள்ளிட்ட ஆறு நாடுகளில் கிராம அளவுக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார்கள். ஸ்கேன் கிடைக்காத இடங்களில், மாதவிலக்குத் தேதியும் தெரியாதபோது, வயிற்றின் உயரத்தை நாடாவால் அளந்து வாரத்தைக் கணித்தார்கள். ஊசி போட்டுக்கொண்டவர்களில் பெரும்பாலோருக்கு மிகச் சிறிய குழந்தை பிறக்கவே இல்லை. 2015இல் வெளிவந்த முடிவு அதிர்ச்சி தந்தது: சிறிய குழந்தைகளின் இறப்பு குறையவில்லை, மொத்தமாகப் பச்சிளங்குழந்தை இறப்பு கூடியிருந்தது. பிறகு ஆக்‌ஷன் ஆய்வு ஐந்து நாடுகளின் மருத்துவமனைகளில் நடந்தது. ஸ்கேனால் வாரம் உறுதி செய்யப்பட்டு, 26 முதல் 34 வாரத்துக்குள் இருந்த பெண்களை மட்டும் சேர்த்தார்கள். 6 மி.கி. டெக்சாமெத்தசோன், 12 மணி நேரத்துக்கு ஒருமுறை, நான்கு தவணைவரை. 2020இல் வெளியான அதன் முடிவில் இறப்பு தெளிவாகக் குறைந்தது. இரண்டு ஆய்வுகளுக்கும் இடையே மருத்துவமனை வசதி போன்ற வேறு வேறுபாடுகளும் உண்டு. ஆனாலும் யாருக்கு எத்தனை வாரம் என்பது சரியாகத் தெரிந்ததன் பங்கு அதில் பெரியது.

இப்போது உங்கள் வேலை. "கடைசியா எப்ப தலைக்குக் குளிச்சீங்க?" என்று கேட்டால், சிலர் மூன்றாம் நாளோ ஐந்தாம் நாளோ குளித்த தேதியைச் சொல்வார்கள். உங்களுக்கு வேண்டியது உதிரப்போக்கு தொடங்கிய முதல் நாள். அதை அப்படியே கேளுங்கள். தேதி நினைவில்லாவிட்டால் தமிழ் மாதமும் பண்டிகையும் போட்ட நாள்காட்டியை விரித்து வையுங்கள். ஆடிப்பெருக்குக்கு முன்பா பின்பா, ஊர்த் திருவிழா அன்று கோயிலுக்குப் போனீர்களா, சம்பள நாளா என்று ஒவ்வொன்றாக நெருங்கினால் இரண்டு மூன்று நாள் வித்தியாசத்துக்குள் வந்துவிடும். "ஏழாம் மாசம்" என்று குடும்பம் சொல்வது நடந்துகொண்டிருக்கும் மாதம், முடிந்தது ஆறு. முந்தைய குழந்தைக்குப் பால் கொடுக்கும்போதே, மாதவிலக்கு திரும்பாமலே கர்ப்பம் தங்கியிருந்தால் எல்.எம்.பி. (கடைசி மாதவிலக்கின் முதல் நாள்) என்று ஒன்று இல்லவே இல்லை. ஊகித்து எழுதாமல் "தெரியாது" என்று எழுதுங்கள்.

பிரசவத் தேதியை விரல்விட்டுக் கணக்கிடாதீர்கள். மார்ச் 10ஆம் தேதியோடு ஏழு நாள் கூட்டி மூன்று மாதம் கழித்தால் டிசம்பர் 17 வரும். 280 நாளை எண்ணினால் டிசம்பர் 15. ஒருவர் அப்படியும் ஒருவர் இப்படியும் போட்டால் ஒரே ஆய்வில் இரண்டு கணக்கு ஆகிவிடும். எல்லோரும் 280 நாள் எண்ணும் ஒரே கருவியைப் பயன்படுத்துங்கள்.

முதல் மூன்று மாதத்தில் எடுத்த ஸ்கேனில் குழந்தையின் தலை முதல் பிட்டம்வரை அளந்த நீளம்தான் மிக நம்பகமானது. பரவலாக உள்ள விதி இது: 8 வாரம் 6 நாள்வரை ஸ்கேனுக்கும் எல்.எம்.பி.க்கும் வித்தியாசம் 5 நாளுக்கு மேல் இருந்தால் ஸ்கேன் தேதியை எடு. 9 முதல் 13 வாரம் 6 நாள்வரை 7 நாளுக்கு மேல் இருந்தால் ஸ்கேன் தேதியை எடு. தேதியை ஒருமுறை நிலைநிறுத்திவிட்டால் பிறகு மாற்றக் கூடாது. புதியவர்கள் சறுக்கும் இடம் இதுதான். எட்டாம் மாத ஸ்கேன் அறிக்கையிலும் ஒரு பிரசவத் தேதி அச்சாகி வரும். தாய்–சேய் அட்டையில் அதை யாரோ எழுதியிருப்பார்கள். நீங்களும் பார்த்து எழுதிவிடுவீர்கள். அந்தத் தேதி குழந்தையின் அப்போதைய பருமனை வைத்துக் கணித்தது. வளர்ச்சி தடைபட்ட குழந்தையை அது "வயது குறைந்த, நலமான குழந்தை" ஆக்கிவிடும். நீங்கள் தேடிக்கொண்டிருக்கும் நோயையே அழித்துவிடும்.

ஆய்வுக்காக ஸ்கேன் எடுத்தாலும் 1994ஆம் ஆண்டின் பாலினத் தேர்வுத் தடைச் சட்டம் முழுமையாகப் பொருந்தும். பதிவான இடம், பதிவான கருவி, ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் படிவம் எஃப். பாலினம் பற்றி ஒரு சைகைகூடக் கூடாது.

அளவுகள்

ரத்த அழுத்தம்: பெண் ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். முதுகுக்குச் சாய்மானம், பாதம் தரையில், கால்மேல் கால் போடாமல், கை இதய மட்டத்தில் மேசை மேல். ரவிக்கையின் இறுக்கமான கையைச் சுருட்டி மேலேற்றினால் அதுவே கட்டுப் போட்டது போலாகி அளவு மாறும். கையை விடுவிக்கத் திரையும் ஒரு துண்டும் தயாராக வைத்திருங்கள். கைச் சுற்றளவு பெரிதாக இருந்தால் பெரிய பட்டை. சிறிய பட்டையைச் சுற்றினால் அழுத்தம் பொய்யாகக் கூடிக் காட்டும். ஒரு நிமிட இடைவெளியில் இருமுறை பார்த்து இரண்டையும் எழுதுங்கள். 140/90 தொட்டால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். 160/110 என்றால் படிவத்தை மூடிவைத்துவிட்டு முதலில் அந்தப் பெண்ணை மருத்துவரிடம் கொண்டுசேருங்கள்.

பச்சிளங்குழந்தை எடை: 10 கிராம் துல்லியமுள்ள தராசு. தினமும் காலையில் தெரிந்த எடைக்கல்லை வைத்துப் பார்த்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். வீட்டுத் தரை மேடு பள்ளமாக இருக்கும்; ஒரு தட்டைப் பலகையைக் கூடவே கொண்டு போங்கள். மேலே ஓடும் மின்விசிறியை நிறுத்துங்கள். கொலுசு, காப்பு, நனைந்த துணி எல்லாம் கழற்ற வேண்டும். அரைஞாண் கயிற்றைக் கழற்ற வீட்டார் விரும்பாவிட்டால் கட்டாயப்படுத்தாதீர்கள். "அரைஞாணுடன்" என்று குறித்து, அடுத்த முறையும் அப்படியே எடை பாருங்கள். பிறந்த முதல் சில நாட்களில் குழந்தை எடை இழப்பது இயல்பு. அதனால் பிறப்பு எடை முதல் நாளுக்குள்ளேயே பார்க்கப்பட வேண்டும். மூன்றாம் நாள் பார்த்ததைப் பிறப்பு எடை என்று எழுதக் கூடாது.

2,480ஐ 2,500 என்று எழுதும் பழக்கம் பிரசவ அறைகளில் பரவலாக உண்டு. எடைகுறைவுக்கான கோடு 2,500 கிராமில்தான் இருக்கிறது என்பதால், இந்த இருபது கிராம் தாராளம் அந்தக் குழந்தையைக் கணக்கிலிருந்தே நீக்கிவிடும். திரையில் தெரிவதை அப்படியே எழுதுங்கள். தகவல்களைச் சரிபார்ப்பவர்கள் முதலில் தேடுவது இதைத்தான்: எல்லா எடையும் 500இன் மடங்குகளிலும் எல்லா பி.பி.யும் 120/80லும் குவிந்திருந்தால், யாரோ பார்க்காமல் எழுதியிருக்கிறார்கள்.

நீளம்: இரண்டு வயதுவரை படுக்க வைத்து, அதற்குப் பிறகு நிற்க வைத்து. இரண்டும் ஒன்றல்ல. படுத்த நீளம் நின்ற உயரத்தைவிடச் சுமார் 0.7 செ.மீ. கூடுதல். இதற்கு இரண்டு பயிற்சி பெற்றவர்கள் கட்டாயம். ஒருவர் இரு கையாலும் தலையைப் பிடித்துத் தலைப்பலகையோடு சேர்த்துவைக்க, மற்றவர் முழங்காலை மென்மையாக அழுத்திக் காற்பலகையை நகர்த்த வேண்டும். தலையைத் தாயிடம் பிடிக்கச் சொன்னால் குழந்தை அழுததும் விட்டுவிடுவார். உச்சியில் குடுமி போட்டிருந்தால் அவிழ்க்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் இன்றைய வளர்ச்சி வரைபடங்களுக்காக 1997 முதல் 2003வரை டெல்லி உட்பட ஆறு நகரங்களில் நடத்திய ஆய்வில், இருவர் தனித்தனியே அளந்து ஒப்பிட்டார்கள். நீளத்தில் 7 மி.மீ., எடையில் 100 கிராம், தலைச் சுற்றளவில் 5 மி.மீ. என்ற வரம்பைத் தாண்டினால் இருவரும் மறுபடி அளந்தார்கள். உங்கள் ஆய்விலும் அதையே பின்பற்றச் சொல்லிக் கேளுங்கள்.

பிரசவ ரத்தப்போக்கைக் கண்ணால் மதிப்பிட்டால் எப்போதும் குறைவாகவே வரும். அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் விரிப்பு இருந்தால் மட்டுமே 500 மி.லி. தாண்டியதா என்று சொல்ல முடியும்.

ரத்தமும் சர்க்கரைப் பரிசோதனையும்

குழந்தையிடம் ஆய்வுக்காக எவ்வளவு எடுக்கலாம்? ஐரோப்பிய வழிகாட்டுதல் சொல்லும் வரம்பு பரவலாக ஏற்கப்படுகிறது: உடலில் உள்ள மொத்த ரத்தத்தில் ஒரே முறையில் 1%, நான்கு வாரத்தில் 3%. ஒரு கிலோவுக்கு 80 மி.லி. என்று வைத்தால் 3 கிலோ குழந்தைக்கு மொத்தம் 240 மி.லி. ஆக ஒரு முறைக்கு 2.4 மி.லி., நான்கு வாரத்துக்கு 7.2 மி.லி. இரண்டாவது முறை குத்த நேர்ந்தால் முதல் முறை வீணான ரத்தத்தையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். குதிகாலில் குத்துவதாக இருந்தால் பக்கவாட்டில், முன்னதாகக் கதகதப்பாக்கி. பிழிந்து பிழிந்து எடுத்தால் செல்கள் உடைந்து பொட்டாசியம் பொய்யாகக் கூடும். தாய் பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே எடுத்தால் குழந்தைக்கு வலி குறைகிறது. மறக்காமல் அப்படிச் செய்யுங்கள்.

குழாயில் லேபிளை ரத்தம் எடுத்தவுடன், அந்தத் தாயின் பக்கத்திலேயே ஒட்டுங்கள். முன்கூட்டியே பத்து ஒட்டி வைத்தால் ஒன்று மாறும். ஒரே ஊரில் ஒரே பெயர், ஒரே இனிஷியலில் இரண்டு பேர் இருப்பார்கள். பெயர் வைக்கும் முன் குழந்தைக்குப் பெயரே கிடையாது. இரட்டைக் குழந்தைகள் வேறு. ஆய்வு எண், பிறந்த தேதி இரண்டும் சேர்ந்தால்தான் அடையாளம். குளிர்பெட்டியில் உறைந்த ஜெல் பொதியைக் குழாயோடு ஒட்டி வைத்தால் ரத்தம் உறைந்து சிதைந்துவிடும். இடையே ஒரு துணி மடிப்பு வையுங்கள்.

கர்ப்பகாலச் சர்க்கரைக்கு இந்தியாவில் பயன்படும் ஒற்றைச் சோதனை முறை சென்னை மருத்துவர் வீ. சேஷையா முன்னின்று வகுத்தது. சாப்பிட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும் 75 கிராம் குளுக்கோஸை 300 மி.லி. நீரில் கரைத்து, ஐந்து முதல் பத்து நிமிடத்துக்குள் குடிக்க வேண்டும். சரியாக இரண்டு மணி நேரம் கழித்து 140 மி.கி. அல்லது அதற்கு மேல் இருந்தால் கர்ப்பகாலச் சர்க்கரை. அரை மணிக்குள் வாந்தி எடுத்தால் அன்று நிறுத்தி மறுநாள் செய்யுங்கள். ரத்தத்தைச் சாதாரணக் குழாயில் விட்டு மதியம்வரை வைத்திருந்தால் செல்கள் சர்க்கரையைத் தின்றுவிடும். சாம்பல் மூடிக் குழாய், உடனே குளிர்பெட்டி.

குலுக்கலும் உறையும்

மருந்துச் சோதனையில், யாருக்கு எந்த மருந்து என்று உள்ளே எழுதி வரிசை எண்ணிட்ட மூடிய உறைகள் தரப்பட்டிருந்தால், தகுதி உறுதியாகி, ஒப்புதல் கிடைத்து, பெயர் பதிவான பிறகே அடுத்த எண்ணைப் பிரிக்க வேண்டும். "இந்தப் பொண்ணுக்குப் புது மருந்து கிடைச்சா நல்லாயிருக்கும்" என்ற இரக்கத்தில் உறையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பதும், எண்ணைத் தாண்டி எடுப்பதும் ஆய்வையே கெடுக்கும். நோய் முற்றியவர்கள் ஒரு பக்கம் சேர்ந்துவிடுவார்கள்; பிறகு எந்தப் புள்ளியியலாலும் அதைச் சரிசெய்ய முடியாது.

வளைகாப்புக்குப் பிறகு காணாமல் போகிறவர்கள்

நம் ஊர் ஆய்வுகளுக்கே உரிய சிக்கல் இது. ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்பு முடிந்ததும் பெண் தாய்வீட்டுக்குப் போய்விடுவார், முக்கியமாகத் தலைப்பிரசவத்தில். பிறகு வருவது குழந்தைக்கு மூன்று அல்லது ஐந்து மாதம் ஆனபின். பிரசவமும், பிறப்பு எடையும், முதல் மாத நோய்களும் வேறு மாவட்டத்தில் நடந்து முடிந்திருக்கும்.

சேர்க்கும் நாளிலேயே கேட்டு வாங்க வேண்டியவை: தாய்வீட்டு ஊர், அங்குள்ள ஆரம்ப சுகாதார நிலையம், பிரசவம் எந்த மருத்துவமனையில், வளைகாப்பு எந்த மாதம், கணவரின் எண் போக அம்மாவின் எண்ணும் அண்ணனின் எண்ணும், பிக்மி எண். வீட்டில் இருக்கும் ஒரே போன் பெரும்பாலும் கணவரிடம் வேலைக்குப் போய்விடும். எத்தனை மணிக்கு அழைத்தால் அவர் வீட்டில் இருப்பார் என்றும் எழுதுங்கள். மாதம் ஒருமுறை அழைத்து நலம் விசாரியுங்கள். தரவு கேட்பதற்கு மட்டுமே அழைப்பவரின் எண்ணை யாரும் எடுப்பதில்லை.

ஏழாம் நாள் வீட்டுச் சந்திப்பு புரோட்டோகாலில் இருக்கும். தீட்டுக் கழியும்வரை வெளியாள் வரக் கூடாது என்று சில வீடுகளில் சொல்வார்கள். வாசலில் நின்று வாதாடாதீர்கள். கர்ப்ப காலத்திலேயே பாட்டியிடம் இதைப் பேசி, திண்ணையில் வைத்து எடை பார்க்கலாமா, கை கால் கழுவி வந்தால் போதுமா என்று முடிவு செய்துவையுங்கள். அநேகமாக ஒரு வழி கிடைக்கும்.

குழந்தை இறந்த வீட்டுக்கு அட்டவணைப்படி போன் செய்துவிடும் கொடுமை நடக்காமலிருக்க, இறப்புச் செய்தி வந்த நிமிடமே நினைவூட்டல் பட்டியலிலிருந்து அந்த எண்ணை நீக்குங்கள். காரணம் அறியும் நேர்காணல் பிறகு, பயிற்சி பெற்றவரால், குடும்பம் ஒப்பும் நாளில் நடக்கட்டும்.

ஏதாவது நடந்தால்

மரணம், உயிருக்கு ஆபத்து, மருத்துவமனை அனுமதி அல்லது அது நீள்வது, நிலைத்த ஊனம், பிறவிக் குறைபாடு ஆகியவை கடுமையான பாதக நிகழ்வுகள். தாய்க்கு ஓர் எண், குழந்தைக்கு ஓர் எண் என்பதால் இருவருக்கும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். தாய் நலமாக வீடு திரும்பி, குழந்தை பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தால் அது குழந்தையின் பாதக நிகழ்வு. வழக்கமான பிரசவத்துக்கு அனுமதியாவதைப் பல புரோட்டோகால்கள் விலக்கியிருக்கும், உங்களுடையதைப் பாருங்கள்.

2019 விதிகளின்படி முதன்மை ஆய்வாளர் 24 மணி நேரத்துக்குள் மத்திய உரிம அதிகாரிக்கும், ஆய்வை நடத்துபவருக்கும், நெறிமுறைக் குழுவுக்கும் தெரிவிக்க வேண்டும். விரிவான ஆய்வறிக்கை 14 நாளில். மருந்துக்கும் நிகழ்வுக்கும் தொடர்பு உண்டா என்பதைத் தீர்மானிப்பது உங்கள் வேலை அன்று. "இது சாதாரணக் காய்ச்சல்தான்" என்று வெள்ளி மாலை கேட்ட செய்தியைத் திங்கள்வரை வைத்திருப்பதுதான் பெரிய தவறு. கேட்ட உடனே போன், பிறகு எழுத்து. ஆய்வால் ஏற்பட்ட பாதிப்புக்குச் சிகிச்சை இலவசம். அதைத் தாய் தன் கையிலிருந்து செலவழித்துவிட்டுப் பிறகு ரசீது தேடும்படி விடக் கூடாது.

எழுதும் முறை

பார்த்தபோதே எழுதுங்கள், பேனாவால். பிழையானால் ஒரே கோடு, பக்கத்தில் சரியானது, சுருக்கொப்பம், தேதி. வெள்ளை மை வேண்டாம். விட்டுப்போன அளவை நினைவிலிருந்து நிரப்பாமல் "எடுக்கப்படவில்லை" என்று எழுதுங்கள். கைப்பேசியிலோ டேப்லெட்டிலோ பதிவு செய்தால் அன்றிரவே அனுப்பிவிடுங்கள். ஒப்புதல் படிவமும் தகவல் படிவங்களும் ஒரே உறையில் இருக்கக் கூடாது. ஒன்றில் பெயர் இருக்கிறது, மற்றதில் எண் மட்டும்.

கடைசிச் சந்திப்பு

ஆய்வு முடியும்போது குடும்பத்துக்குச் சேர வேண்டியதைக் கொடுத்துவிடுங்கள். குழந்தையின் எடை, நீளப் பதிவுகள், ஹீமோகுளோபின் போன்ற சிகிச்சைக்கு உதவும் முடிவுகள், தமிழில், தாய்–சேய் அட்டையிலும் ஏற்றி. ஹீமோகுளோபின் 7 கிராமுக்குக் கீழே இருந்தது ஆய்வு முடிந்தபின் தெரியவந்தால் யாருக்கும் பயனில்லை. அது வந்த அன்றே மருத்துவருக்குப் போயிருக்க வேண்டும்.

மீந்த ரத்த மாதிரிகளை வேறு ஆய்வுக்கு வைத்துக்கொள்ளலாமா என்று ஒப்புதல் படிவத்தில் தனிக் கட்டம் இருந்திருக்கும். "வேண்டாம்" என்று குறித்தவர்களின் பட்டியலை ஆய்வகத்துக்கு எழுத்தில் அனுப்பி, அந்தக் குழாய்கள் அழிக்கப்பட்டதற்கான பதிவைக் கேட்டு வாங்கிக் கோப்பில் வையுங்கள். பல ஆண்டுகள் நீளும் ஆய்வாக இருந்தால், ஒவ்வொரு குழந்தைக்கும் 18 வயது நிறையும் தேதியை இப்போதே பதிவேட்டில் குறித்து வையுங்கள். அன்று அவரிடமே புதிதாக ஒப்புதல் கேட்க வேண்டும்.